லூ சுன்

சீன நாட்டின் கிழக்கே, கால்வாய்கள் நிறைந்த சாவோசிங் நகரில், 1881ஆம் ஆண்டு கற்றோர் குடும்பமொன்றில் பிறந்தவர் லூ சுன். இஃது அவர் பின்னர்ப் பூண்ட புனைபெயர். அவர் சிறுவராய் இருந்தபொழுதே பாட்டனார் கையூட்டுக் குற்றத்திற்காகச் சிறைப்பட்டார். தந்தையார் கொடிய நோயுற்றார். வீட்டுப் பொருள்களை அடகு வைத்துப் பெற்ற பணத்தால் மருந்து வாங்கி வருவது சிறுவரின் கடமையாயிற்று. மருத்துவரோ, ஒரே வளையில் வாழ்ந்த இணைச் சிள்வண்டுகளையும், மூன்றாண்டு உறைபனி கண்ட கரும்பையும் கொணரப் பணித்தார். தேடி அலைந்தும் பயனில்லை. 1896இல் தந்தையார் மறைந்தார்.

பிறரையேனும் காக்க விரும்பிய லூ சுன், 1904இல் ஜப்பானிலுள்ள செண்டை நகரில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். அப்பொழுது உருசிய-ஜப்பானியப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் வகுப்பிற் காட்டப்பெற்ற படத்தில், ஒற்றன் எனப் பிடிபட்ட சீனன் ஒருவன் கொலையுண்ண நின்றான். சீனர் பலர் அவனைச் சூழ்ந்து வாளா வேடிக்கை பார்த்தனர். அவர்தம் உடல்கள் வலியனவாகவே இருந்தன. உள்ளங்களே மரத்துக் கிடந்தன. மருந்து வேண்டுவது உள்ளத்திற்கே எனத் தெளிந்த அவர், 1906இல் கல்லூரியை விடுத்து எழுத்தை நாடினார்.

எனினும், அவர் புகழ்பெறப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. தாயகம் திரும்பி, பெய்ஜிங் நகரில் கல்வித் துறையில் அலுவல் பார்த்து வந்தார். 1916இல், தம்மைக் கொல்லச் சிலர் வருவதாக அஞ்சி நடுங்கிய உறவினர் ஒருவரை அவரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவ்வச்சத்தின் சாயல், 1918இல் 'புதிய இளைஞர்' இதழில் வெளிவந்த 'பித்தனின் நாட்குறிப்பு' என்னும் சிறுகதையிற் காணப்படுகின்றது.

அக்கதையின் தலைவன், ஊரார் தன்னைத் தின்னக் காத்திருப்பதாக எண்ணுகின்றான். மருத்துவர் நாடி பார்த்தாலும், உடற்கொழுப்பை அளப்பதாகவே ஐயுறுகின்றான். அறம் பேசும் வரலாற்று நூலை நள்ளிரவு வரை படித்து, அதன் வரிகளிடையே மனிதர் மனிதரைத் தின்ற செய்தியையே காண்கின்றான். அறியாமல் தானும் அக்குற்றத்திற் பங்கு கொண்டிருக்கலாமென உணர்ந்து, குழந்தைகளையேனும் காக்க வேண்டுகின்றான். எளியோரை நசுக்கிய பழைய கொடுமைகளையே ஆசிரியர் அவ்வாறு உருவகப்படுத்தினார். நாட்குறிப்பு பேச்சுமொழியில் அமைந்தது. முன்னுரை மட்டும் பண்டை நடையில் உள்ளது. பித்தன் குணமடைந்து, அரசுப் பதவிக்காகக் காத்திருக்கின்றான் என அம்முன்னுரை கூறுகின்றது. பித்துற்றபொழுது உண்மையைக் கண்டவன், தெளிந்தபின் அதனை மறந்தான்!

லூ சுன் 1936இல் சாங்காய் நகரில் காலமானார். பெரும்பான்மையோர் ஒப்பிய ஒன்றை ஐயுறுபவனைப் பித்தன் என இகழ்தல் எளிது. அங்ஙனம் இகழுமுன், பிணி எவரிடத்தது என ஆராய்தல் நம் கடமையாகும்.