கணித மேதை இராமானுஜன்

நம் திருவண்ணாமலையிலிருந்து ரயிலில் விழுப்புரம் போகும் வழியில் திருக்கோவிலூர் வரும். 1910-ஆம் ஆண்டில் அவ்வூர் டெபுடி கலெக்டர் இராமசாமி ஐயரைத் தேடி ஓர் ஏழை வாலிபர் வந்தார். கையில் கணக்குகள் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள். கேட்டதோ குமாஸ்தா வேலை. ஐயர் 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார்; வேலை தர மறுத்துவிட்டார்! இவ்வளவு அறிவைத் தாலுகா ஆபீசில் புதைப்பது தகாதென்று கருதி, சென்னை அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அந்த வாலிபர்தாம் சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். மார்க்கத்தால் நம்மவரல்லர், எனினும் கல்வி தேடுவோர் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது. காகிதம் வாங்கக் காசின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. கல்லூரியில் உதவிச் சம்பளம் போயிற்று, எப்.ஏ. பரீட்சையிலும் தவறினார். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையை உடனே படிப்பை நிறுத்திக் கடைக்கு அனுப்பும் பெற்றோரை நாம் காண்கிறோம். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913-ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதியனுப்பி, மறு ஆண்டு கப்பலேறினார். அங்கே உலகப் போரின் நெருக்கடியிலும் இறைச்சி தொடாமல் தாமே சமைத்துண்டார். வெளிநாட்டில் ஹலாலைப் பேணுவது இயலாதென்போர் கவனிக்க!

அவர் செய்த கணக்குகளில் ஒன்றைக் கேளுங்கள். நான்கு பேரீச்சம்பழங்களை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நான்கும் ஒரே கூறு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டு, ஒன்று, ஒன்று, நான்கும் தனித்தனி. ஆக 5 விதம். பத்துப் பழமானால் 42. நூறானால்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292! ஒவ்வொன்றாக எழுத ஆயுள் போதாது. எழுதாமலே விடை காணும் வழியை 1918-ல் ஹார்டியுடன் சேர்ந்து வெளியிட்டார்.

பங்குக் கணக்கு நமக்குப் புதிதல்ல. வாரிசுகளின் பங்கை அல்லாஹுத் தஆலா நிர்ணயித்திருக்கிறான். பக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் பெரும் பகுதி இந்த ஃபராயிள் கணக்குத்தான். அல்ஜீப்ரா என்ற பெயரே அந்நூலிலிருந்து வந்ததாகும்.

1918-ல் இராமானுஜன் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். நோயுடன் 1919-ல் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. படுக்கையிலும் கணக்கெழுதுவதை விடவில்லை. அக்கடைசித் தாள்கள் 1976-ல்தான் கேம்பிரிட்ஜ் நூலகப் பெட்டியொன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டன.