ஒளியை ஆராய்ந்த கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன்

கலை வேறு, அறிவியல் வேறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஓவியத்தில் நாட்டமுள்ள மாணவன் கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சுவதும், அறிவியலில் தேர்ந்த மாணவன் கலைப் பாடத்தைப் பொழுதுபோக்கெனக் கருதுவதும் பள்ளிகளில் நாம் காணும் காட்சிகளே. இவ்விரண்டையும் தம் வாழ்நாள் முழுதும் இணைத்து வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அவரே புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன்.

இளமைப் பருவம்

ஐரோப்பாவில் பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய நாடுகளுக்கு நடுவே அமைந்துள்ள சிறு நாடு லக்சம்பர்க். அங்கு 1879ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் ஸ்டைக்கன் பிறந்தார். அவர் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிழைப்பை நாடி அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தனர். தந்தையார் செப்புச் சுரங்கமொன்றில் வேலை செய்தார். அக்கடும் உழைப்பில் அவருடைய உடல்நலம் கெட்டது. தாயார் மேரி, பெண்கள் அணியும் தொப்பிகளைச் செய்து விற்கும் கடையொன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார்.

சிறுவனாக இருந்தபோது ஸ்டைக்கன் ஒரு நாள் அக்கடை வாயிலில் நின்று, தெருவிலிருந்த யூதச் சிறுவன் ஒருவனை அவனது இனத்தைச் சுட்டி இழித்துரைத்தார். அதைக் கேட்ட தாயார் வேலையை நிறுத்தினார். கடைக் கதவைத் தாழிட்டார். மகனைத் தனியே அழைத்துச் சென்றார். அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. இனம், சமயம், நிறம் எதுவாயினும் மனிதர் அனைவரும் ஒருவரே என்பதை நெடுநேரம் அமைதியாக எடுத்துரைத்தார். அன்று அத்தாய் விதைத்த விதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் எவ்வாறு மரமாயிற்று என்பதை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம்.

பதினைந்தாம் வயதில் மில்வாக்கி நகரிலுள்ள கல்லச்சு நிறுவனமொன்றில் ஸ்டைக்கன் தொழில் பழகச் சேர்ந்தார். பன்றி இறைச்சி வணிகருக்கு அங்கே விளம்பரங்கள் வரையப்பட்டன. பழைய படங்களைப் பார்த்தே அவை வரையப்பட்டதால் உண்மையான பன்றியைப் போல் தோன்றவில்லை. உயிருள்ள பன்றியைப் புகைப்படமாக எடுத்து, அதைப் பார்த்து வரையலாமே என்று அவ்விளைஞர் எண்ணினார்.

பதினாறாம் வயதில் பழைய படக்கருவியொன்றை வாங்கினார். முதற்சுருளில் ஐம்பது படங்கள் எடுத்தார். ஒன்றே ஒன்றுதான் தேறியது. ஐம்பதில் ஒன்றென்றால் வீண் செலவுதானே என்று தந்தையார் கருதினார். தாயாரோ, தங்கை பியானோ வாசிக்கும் அந்த ஒரு படத்தின் அழகு, கெட்டுப்போன நாற்பத்தொன்பதையும் ஈடு செய்யும் என்றார். அவர் அன்று தந்த ஊக்கம் உலகிற்கு ஒரு கலைஞரைத் தந்தது.

கலையும் ஆராய்ச்சியும்

1900ஆம் ஆண்டு பாரிஸ் செல்லும் வழியில் நியூயார்க்கில் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் புகைப்படக் கலைஞரை அவர் சந்தித்தார். ஸ்டீக்லிட்ஸ் அவருடைய மூன்று படங்களைத் தலா 5 டாலர் கொடுத்து வாங்கினார். புகைப்படத்தைக் கலையென ஏற்கப் பலரும் தயங்கிய காலம் அது. இருவரும் 1905இல் நியூயார்க்கில் சிறு கலைக்கூடமொன்றைத் தொடங்கினர். ரொடான், மத்தீஸ் முதலிய பிரெஞ்சு நாட்டுக் கலைஞர்களின் படைப்புகளை ஸ்டைக்கன் பாரிசிலிருந்து தெரிந்தெடுத்து அனுப்பினார். நல்லவற்றைத் தேர்ந்து பிறருக்குக் காட்டும் காப்பாளர் பணி இவ்வாறு தொடங்கியது.

அக்காலத்தில் அவர் எடுத்த படங்கள் பனிமூட்டத்தில் கண்ட ஓவியம் போல் மங்கலாகவே இருக்கும். முதல் உலகப் போர் இதை மாற்றியது. அமெரிக்கப் படையில் சேர்ந்து, வானூர்தியிலிருந்து படமெடுக்கும் பிரிவிற்கு அவர் தலைமை தாங்கினார். அங்கே மங்கலான படம் எதற்கும் உதவாது. தெளிவே முதன்மையானது என்பதை அவர் உணர்ந்தார்.

போர் முடிந்தபின், ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த அவர் மீண்டும் ஒரு மாணவரானார். வெண்ணிறக் கோப்பையொன்றைத் தட்டோடு வைத்து, அதனையே ஆயிரம் முறைக்கு மேல் படமெடுத்தார். வெண்மையிலிருந்து கருமை வரை ஒளி எவ்வாறு படிப்படியாக மாறுகிறது என்பதை அளந்தறிவதே அவரது நோக்கம். ஆப்பிள், பேரிக்காய் முதலிய பழங்களை இருட்டறை போன்ற கூடாரத்தில் வைத்து, மிகச் சிறு துளை வழியே ஒன்றரை நாள் வரை ஒளியைப் புகவிட்டும் படமெடுத்தார். சூரியகாந்திப் பூவிலும் நத்தை ஓட்டிலும் காணப்படும் சுருள் வடிவின் கணக்கை ஆராய்ந்தார். தாம் தீட்டி வைத்திருந்த ஓவியங்களைத் தீயிலிட்டு எரித்துவிட்டு, புகைப்படத்தையே தம் வாழ்வாகக் கொண்டார்.

செடி வளர்ப்பிலும் அவர் வல்லவர். டெல்ஃபினியம் என்னும் பூச்செடியில் கலப்பினங்களைப் பல ஆண்டுகள் உருவாக்கினார். கொல்கிசின் என்னும் மருந்தைக் கொண்டு அச்செடியின் மரபியல்பையே மாற்றிப் பார்த்தார். 1936இல் நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தில் அப்பூக்கள் கலைப்படைப்புகளாகவே காட்சிக்கு வைக்கப்பட்டன. தோட்டமும் அவருக்கு ஆய்வுக்கூடமாகவும் கலைக்கூடமாகவும் விளங்கியது.

மனிதக் குடும்பம்

இரண்டாம் உலகப் போரின்போது, 62 வயதில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து புகைப்படக் குழுவொன்றை நடத்தினார். 1947இல் அதே அரும்பொருளகத்தின் புகைப்படப் பிரிவிற்கு இயக்குநரானார். போரின் கொடுமையைக் காட்டினால் மக்கள் போரை வெறுப்பர் என நம்பி, 1951இல் கொரியப் போர்ப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். மக்கள் வந்தனர், கண்கலங்கினர், வெளியே சென்றதும் மறந்தனர். தம் முயற்சி தோற்றதென உணர்ந்த ஸ்டைக்கன் சோர்ந்துவிடவில்லை. மனிதர் எவ்வாறு வேறுபடுகின்றனர் என்பதை விட்டு, எவ்வாறு ஒன்றுபடுகின்றனர் என்பதைக் காட்டத் துணிந்தார். தாயார் கடையில் கேட்ட அறிவுரையே இத்துணிவிற்கு வித்து என்பதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இலட்சக்கணக்கான படங்களை ஆராய்ந்து, 68 நாடுகளில் 273 கலைஞர்கள் எடுத்த 503 படங்களை அவர் தேர்ந்தார். 1955ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் ‘மனிதக் குடும்பம்’ என்னும் அக்கண்காட்சி தொடங்கியது. பிறப்பு, விளையாட்டு, உழைப்பு, காதல், பசி, இறப்பு ஆகிய அனைத்தும் எல்லா இனத்தாருக்கும் பொது என்பதை அப்படங்கள் சொற்களின்றி உணர்த்தின. ஓர் இருண்ட அறையில் நீரகக் குண்டு வெடிக்கும் படம் மட்டும் வைக்கப்பட்டிருந்தது. அறிவு அன்பை இழந்தால் என்ன நேரும் என்பதற்கு அது எச்சரிக்கை. ஆனால் கண்காட்சி அத்தோடு முடியவில்லை. இறுதிப் பகுதியில் குழந்தைகளே இடம்பெற்றனர். இரு சிறுவர் கைகோத்து இருளிலிருந்து ஒளியை நோக்கி நடக்கும் படம் அவற்றுள் ஒன்று. பல நாடுகளுக்கும் சென்ற அக்கண்காட்சியை 90 இலட்சம் பேருக்கு மேல் கண்டனர். 1994 முதல் அது அவர் பிறந்த லக்சம்பர்க்கின் கிளெர்வோ கோட்டையில் நிலையாக வைக்கப்பட்டது. 2003இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1973ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், தமது 94ஆம் பிறந்தநாளுக்கு இரு நாள் முன்னர், ஸ்டைக்கன் மறைந்தார்.

சுரங்கத் தொழிலாளியின் மகனாக வளர்ந்த அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. ஒரே கோப்பையை ஆயிரம் முறை நோக்கும் பொறுமை ஒன்று. தோல்வி கண்டபோது வழியை மாற்றி மீண்டும் முயலும் உறுதி மற்றொன்று. எவ்வினத்தாரையும் நம் குடும்பத்தினராகக் காணும் பண்பு மூன்றாவது. முதல் இரண்டும் அவரை வல்லவராக்கின. மூன்றாவதே அவரை நல்லவராக்கியது. அறிவியலும் கலையும் நமக்கு இரு கண்கள்; அக்கண்களால் பிற மனிதரை அன்போடு காணக் கற்போமாக.