ஓமந்தூரார்: சிபாரிசுக்கு மசியாத முதல்வர்

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் 1895-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஓ.பி.ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் 23-ல் சென்னை மாகாண முதல்வரானார். ஊழல் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே மாதம்தான். சட்டம் அரசு ஊழியர்களைக் கட்டுப்படுத்தியது. இவரோ சொந்தக் கட்சிக்காரர்களையும் விட்டுவைக்கல. சிபாரிசோடு வந்த எம்.எல்.ஏ.க்களுக்கு வெறுங்கைதான். அதிருப்தி வளர்ந்தது, 1949 ஏப்ரலில் பதவி போச்சு. பிறகு வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டு செய்து, 1970-ல் மறைந்தார்.

பணம் வாங்கினால்தானே லஞ்சம்னு இன்னும் நினைக்கிறோம். பணமல்லாத முறையற்ற ஆதாயமும் குற்றம்தான், 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் நேரடிக் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். ஓமந்தூரார் அன்றே அந்தக் கதவைச் சாத்தியவர். விலை, முதல்வர் நாற்காலி.