காந்தத்தால் அணுவின் இருப்பிடம் கண்ட தமிழர்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நெய்க்காரப்பட்டியைப் போலவே வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர் வத்திராயிருப்பு. அந்த வட்டாரத்தில் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி பிறந்தவர் விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவில் வேலை பார்த்தார். பகல் உணவு வேளையில் அவரைச் சுற்றி மாணவர் கூட்டம் கூடும். எந்தச் சந்தேகத்தையும் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்களும் தேடி வந்தார்கள்.

ராமனுடன்

பிறகு கல்கத்தா சென்று, சி. வி. ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1928-ல் உலகப் புகழ் பெற்ற 'ராமன் விளைவு' வெளிப்பட்டது. அதை அறிவித்த முதல் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. ஆனால் 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது.

கிருஷ்ணன் சோர்ந்துவிடவில்லை. 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, புதிய துறையில் இறங்கியிருந்தார்.

தொங்கிய படிகம்

எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் பாய்ச்சி, அவை சிதறும் விதத்தைக் கொண்டு அணுக்களின் வரிசையைக் கணக்கிடுவது அக்கால வழக்கம். அது கடினமான வேலை. கிருஷ்ணன் அதற்குத் துணையாகக் காந்தத்தை அழைத்தார்.

சிறு படிகத்தை மெல்லிய படிகக்கல் இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இழையின் மேல் நுனியை மெல்லத் திருகினார். படிகம் காந்தத்தின் பிடியை விடாது. ஓர் எல்லைக்கு மேல் முறுக்கினால் சட்டென்று சுழன்று திரும்பிவிடும். அந்த முறுக்கின் அளவே கணக்குக்குப் போதும். திசைக்குத் திசை காந்த குணம் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்துவிடும். தட்டையான மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

இரும்பு, கோபால்ட், தாமிரம் முதலியவற்றின் உப்புகளையும் அவர் அளந்தார். உலோக அணுவைச் சுற்றி நிற்கும் ஆக்ஸிஜன் அணுக்கள் சற்றே ஒழுங்கு பிசகி நின்றாலும் காந்தம் காட்டிக் கொடுத்தது. அணு தன் அண்டை வீட்டாருடன் எப்படி அமர்ந்திருக்கிறது என்ற இந்தக் கேள்விதான் இன்றும் காந்த ஆக்ஸைடு ஆராய்ச்சியின் உயிர்நாடி.

பெருமைகள்

1940-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1946-ல் 'சர்' பட்டம் பெற்றார். 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் தலைவரானார். 1954-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1958-ல் முதலாவது பட்நாகர் பரிசும் அவருக்கே கிடைத்தது.

இத்தனை உயர்ந்தும் தாய்மொழியை மறக்கவில்லை. விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பி, தமிழிலேயே கட்டுரைகள் எழுதினார்.

1961 ஜூன் மாதம் அவர் காலமானார். மெல்லிய இழையும், ஒரு காந்தமும், அயராத சிந்தனையும் கொண்டு அணுவின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த அவர் புகழ் நிலைத்து நிற்கிறது.