தாமஸ் லாடர் பிரண்டன்

சர் தாமஸ் லாடர் பிரண்டன் (மார்ச் 14, 1844 – செப்டம்பர் 16, 1916) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் மருந்தியல் அறிஞரும் ஆவார். மார்பு நெரிப்பு எனப்படும் அஞ்சைனா நோய்க்கு நைட்ரைட் வகை மருந்தை முதன்முதலில் பயன்படுத்தியவர் இவரே. இன்று இதய நோயாளிகள் நாவின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் மாத்திரைகளின் வரலாறு இவரிடமிருந்து தொடங்குகிறது. ஐதராபாத்தில் நடைபெற்ற குளோரோபார்ம் ஆய்விலும் இந்தியப் பாம்புகளின் நஞ்சு பற்றிய ஆய்விலும் இவருக்குப் பங்கு உண்டு.

இளமையும் கல்வியும்

ஸ்காட்லாந்தின் ராக்ஸ்பரோ பகுதியில் பிறந்த பிரண்டன், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866 இல் பட்டம் பெற்றார். டிஜிட்டாலிஸ் என்னும் இதய மருந்தைத் தாமே உட்கொண்டு அதன் விளைவுகளைக் குறித்து வைத்து எழுதிய ஆய்வேட்டிற்காகத் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் ஜெர்மனி சென்று, லைப்சிக் நகரில் கார்ல் லுட்விக் என்னும் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞரிடம் பயின்றார்.

மார்பு நெரிப்புக்கு மருந்து

எடின்பரோ அரச மருத்துவமனையில் பணியாற்றியபோது, இரவுதோறும் கடும் மார்பு வலியால் துன்புற்ற நோயாளி ஒருவரைப் பிரண்டன் கவனித்து வந்தார். அக்காலத்தில் அறியப்பட்டிருந்த மருந்துகள் பயன் தரவில்லை. சிறிதளவு குருதியை வெளியேற்றினால் மட்டும் வலி தணிந்தது. நாடித்துடிப்பை வரைபடமாகப் பதியும் கருவியைக் கொண்டு ஆராய்ந்தபோது, வலி ஏறும் வேளையில் தமனிகளில் அழுத்தமும் உயர்வதைக் கண்டார். அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் வலியையும் குறைக்க வேண்டும் என்று கருதினார். அமைல் நைட்ரைட் அத்தகைய பொருள் என்பதை அவருடைய நண்பர் ஆர்தர் காம்ஜி சோதனைகளில் காட்டியிருந்தார்.

பிரண்டன் 5 முதல் 10 துளி அமைல் நைட்ரைட்டைத் துணியில் இட்டு நோயாளியை முகரச் செய்தார். முகம் சிவந்தது, ஒரு நிமிடத்திற்குள் வலி மறைந்தது. இம்முடிவுகள் 1867 சூலையில் லான்செட் இதழில் வெளியாயின. அப்போது அவருக்கு வயது 23. அவர் அளித்த விளக்கம் முழுமையானதன்று. இம்மருந்துகள் சிரைகளை விரித்து இதயத்திற்குத் திரும்பும் குருதியைக் குறைப்பதும், இதயத் தமனிகளையே விரிப்பதும் பின்னரே தெளிவாயின. ஆயினும் நோயாளியை உற்று நோக்கி, காரணத்தை ஊகித்து, அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்த முறை மருந்தியலுக்குப் புதிய வழியைக் காட்டியது.

அமைல் நைட்ரைட்டின் பயன் சில நிமிடங்களே நீடித்தது. நைட்ரோகிளிசரினையும் பிரண்டன் தம்மிடமே சோதித்தார். ஆனால் கடும் தலைவலி ஏற்பட்டதால் நோயாளிகளுக்குத் தரத் தயங்கினார். அந்தத் தயக்கத்தைக் கடந்தவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையின் வில்லியம் மரெல். அவர் மிகக் குறைந்த அளவில் பலமுறை தாமே உட்கொண்டு பார்த்த பின் நோயாளிகளுக்குக் கொடுத்து, 1879 இல் முடிவுகளை வெளியிட்டார். மருந்தாளர் வில்லியம் மார்ட்டின்டேல் அதனைச் சாக்கொலேட் கலந்த சிறு மாத்திரையாக்கினார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கும், 1896 இல் அவர் இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு, வெடிபொருளான இதே நைட்ரோகிளிசரின் மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது.

விழுங்கினால் இம்மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். நாவின் அடியில் கரையும்போது அது நேரே குருதியில் கலந்து 1 முதல் 3 நிமிடங்களில் செயற்படுகிறது. மாடியேறுதல் போன்ற வலியைத் தூண்டும் செயலுக்குச் சில நிமிடம் முன்னர் வைத்துக்கொண்டால் வலி வராமல் தடுக்கவும் உதவும். அழுத்தம் திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும் என்பதால் அமர்ந்த நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். சில்டனாபில் வகை மருந்து உட்கொண்டவர்கள் இதனைப் பயன்படுத்துவது உயிருக்கே தீங்காகலாம். மாத்திரைக்குப் பின்னும் சுமார் 5 நிமிடங்களில் வலி தணியாவிடில் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனையை நாட வேண்டும். இந்தியாவில் சார்பிட்ரேட் என்னும் வணிகப் பெயரால் பரவலாக அறியப்படும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இந்தியத் தொடர்பு

1870 முதல் லண்டனில் வாழ்ந்த பிரண்டன், இந்திய மருத்துவப் பணியிலிருந்த ஜோசப் பேரருடன் சேர்ந்து நல்ல பாம்பின் நஞ்சை ஆராய்ந்தார். அந்நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்வதையும், செயற்கைச் சுவாசத்தால் உயிரைச் சிறிது நேரம் நீட்டிக்க முடிவதையும் இருவரும் காட்டினர். கடிவாயைக் கீறிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இடுவதற்கு அவர் வடிவமைத்த சிறு கத்தி இந்தியாவில் சில காலம் வழக்கில் இருந்தது. அம்முறை பயனற்றது, தீங்கானது என்று பின்னர் கைவிடப்பட்டது.

1889 இல் ஐதராபாத் நிசாமின் பொருளுதவியுடன், எட்வர்டு லாரி அமைத்த இரண்டாம் குளோரோபார்ம் ஆணையத்திற்கு லான்செட் இதழின் சார்பில் பிரண்டன் அனுப்பப்பட்டார். குளோரோபார்ம் இதயத்தையும் நிறுத்தக்கூடும் என்ற கருத்துடன் சென்றவர், நூற்றுக்கணக்கான விலங்குகளில் நடந்த சோதனைகளுக்குப் பின், மூச்சே முதலில் நிற்கிறது என்ற லாரியின் முடிவை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய முந்தைய ஐயமே சரி என்பதைக் குட்மன் லெவி 1911 அளவில் நிறுவினார்.

பிற்காலம்

செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் 1904 வரை பணியாற்றினார். 1874 இல் அரச கழக உறுப்பினரானார். 1885 இல் வெளிவந்த இவருடைய மருந்தியல் பாடநூல் பெரும் செல்வாக்குப் பெற்றது. 1900 இல் சர் பட்டம் பெற்றார். சுருங்கிய ஈரிதழ் வால்வை அறுவை மூலம் விரிக்கலாம் என்று 1902 இல் எழுதியபோது சக மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அத்தகைய அறுவை 1920களில் வெற்றியடைந்தது. அதனைக் காண அவர் உயிருடன் இல்லை. முதல் உலகப்போரில் மகன் ஒருவரை இழந்த பிரண்டன், 1916 இல் லண்டனில் காலமானார்.