வில்லியம் ஹென்றி வெல்ச்

தாம் கல்லூரியிற் கற்ற பாடம் பின்னர்த் தாம் விழையும் தொழிலுக்கு உதவாதோ என்று கலங்கும் மாணாக்கர் நம்மிடையே உளர். அன்னார்க்கு அமெரிக்க வைத்தியப் பேராசிரியர் வெல்ச் என்பாரின் சரித்திரம் துணையாகும். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வெல்ச் 1850-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் கனெக்டிகட் மாகாணத்து நார்போக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வைத்தியர், பாட்டனாரும் வைத்தியரே. ஆயினும் இளைஞரின் மனம் அத்தொழிலில் நாட்டங்கொண்டிலது. யேல் கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் ஆர்வத்தோடு கற்று 1870-ல் பட்டம் பெற்றார். அங்கேயே கிரேக்க ஆசிரியராக விரும்பினார், அவ்விடம் கிட்டவில்லை. ஓராண்டு வேறூர்ப் பள்ளியிற் கற்பித்தபின், தந்தையாரிடமே தொழில் பழகத் தொடங்கினார்.

அந்நாளில் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகள் பலவற்றிற் புகுவதற்குப் பட்டமோ விஞ்ஞானப் பயிற்சியோ வேண்டுவதில்லை. ஆயினும் இரசாயனம் அறியாத குறையை வெல்ச் உணர்ந்தார். பட்டதாரியாகிய தாம் மீண்டும் முதற்பாடம் படிக்க நாணாது, யேலுக்குத் திரும்பி, ஷெபீல்ட் விஞ்ஞானப் பள்ளியில் ஓராண்டு இரசாயனம் பயின்றார். அதன்பின் நியூயார்க்கில் வைத்தியங் கற்று 1875-ல் பட்டம் பெற்றார். 1876 முதல் ஈராண்டு ஜெர்மனியில் ஆராய்ச்சி முறைகளைப் பழகினார்.

1884-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை அவரை நோய்க்குறியியற் பேராசிரியராக்கியது. அங்கு வைத்தியக் கல்லூரி தொடங்கப் பொருள் போதவில்லை. மேரி காரெட் என்னும் பெருமாட்டி மூன்று இலக்கம் டாலருக்கு மேல் ஈந்து, இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பெண்களை ஆடவரோடு ஒப்பச் சேர்த்தல் வேண்டும் என்பது ஒன்று. சேர்வோர் பட்டதாரிகளாய், பௌதிகம், இரசாயனம், உயிர்நூல் ஆகியவற்றிற் பயிற்சியும், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் வாசிப்புத் திறனும் உடையராதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் விதியோ முன்னர் வெல்ச்சே வரைந்து வைத்தது! இத்துணைக் கடிய விதியால் மாணாக்கர் வாராரோ என அவரே ஐயுற்றார். ஆயினும் 1893-ல் கல்லூரி திறக்கப்பட்டது. அவரே அதன் முதல் தலைவராயினார். 1910-ல் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளை ஆராய்ந்த பிளெக்ஸ்னர் அறிக்கை அதனையே முன்மாதிரியாகக் கொண்டது.

1870-ல் பட்டம் பெற்ற இளைஞர் வெல்ச் அவ்வாயிலில் வந்து நின்றிருப்பின், உள்ளே புக இயலாது திரும்பியிருப்பார். தாம் பட்ட குறையைப் பின்வருவோர் படாதிருக்கவே அவர் வழிவகுத்தார் என்று நாம் கொள்ளலாம். அவர் கற்ற கிரேக்கமும் வீண்போகவில்லை. 1926-ல் அவர் வைத்திய சரித்திரப் பேராசிரியரானபோது அதுவும் துணைநின்றது.

வெல்ச் 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் காலமானார். பாடங்களை முன்னறிந்து வகுத்துக்கொள்ளுதல் நன்று. தவறவிட்டோமாயின், ஓராண்டு பின்னிட்டேனும் கற்றலே தக்கது. அதற்கு நாணுதல் வேண்டா.