மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

பிரெஞ்சு நாட்டில் ஜார்ஜ் சாண்ட் என்னும் நாவலாசிரியை 1804 முதல் 1876 வரை வாழ்ந்தார். பெண்ணுரிமையும் ஏழை எளியோரின் உரிமையும் பேசிய அப்பெண்மணி, ஓர் ஆணின் பெயரைப் புனைந்துகொண்டே எழுத்துலகில் நுழைய வேண்டியிருந்தது. நம் தமிழ்நாட்டில், 1936ஆம் ஆண்டில், வளர்ந்த ஊரின் பெயரையும் தம் சொந்தப் பெயரையும் மறைக்காமல் ஒரு பெரும் நாவலை வெளியிட்ட பெண்மணி ஒருவர் உண்டு. அவரே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

அம்மையார் 1883இல் திருவாரூரில் இசை வேளாளர் குடும்பத்திற் பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி, தாய் சின்னம்மாள். உறவினரின் பகையும் வறுமையும் தாளாமல் தந்தையார் சென்னைக்குப் போய்விட, தனித்து நின்ற தாய், பெற்ற மகளை 10 ரூபாய்க்கும் ஒரு பழம் புடவைக்கும் தாசி ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். மாயவரத்தை அடுத்த மூவலூரில் அச்சிறுமி வளர்ந்தாள். ஆடவும் பாடவும் பழக்கப்பட்டாள்.

இந்த 10 ரூபாய்ச் செய்தியை நாம் விரைந்து கடந்துவிட மனம் ஒப்பவில்லை. நம் எம். புதுப்பட்டிப் பகுதியில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல விடியுமுன்னே வண்டி வந்து நின்ற காலத்தை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். முன்பணம் வாங்கியாயிற்று, ஆகவே பிள்ளை போயாக வேண்டும் என்பதே அன்றைய வழக்கு. அதிலும் பையன் பள்ளிக்கும் பெண் கட்டு ஒட்டவும் போனதே மிகுதி. வாங்கிய தாயை நாம் பழிக்கவில்லை, சின்னம்மாளையும் பழிக்கவில்லை. பழிக்கத்தக்கது அத்தாயரை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாடு. அம்மையாரும் தம் வாழ்நாள் முழுவதும் அந்த ஏற்பாட்டோடுதான் போரிட்டார்.

பருவம் எய்தியபின் வயது முதிர்ந்த ஒருவருக்கு அவரை இணைக்க முயற்சி நடந்தது. அதனை மறுத்து, தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையையே வாழ்க்கைத் துணைவராக ஏற்றார். தாசி குலத்துப் பெண் மணம் செய்துகொள்வதா என்று சீறியவர்கள், ஒரு சிறுமியைக் கொன்றுவிட்டார் எனப் பொய்ப் பழியும் சுமத்தினர். அதையும் வென்று நின்றார்.

முதலில் காங்கிரசில் சேர்ந்து கதர்த் தொண்டு செய்த அம்மையார், 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியபோது அவர் வழியையே தமதாக்கிக் கொண்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராய்ச் சென்றார். மேடையில் பேசியதோடு நில்லாமல் தாசியர் வீடுகளுக்கே போய் வாதாடினார். விட்டு வெளிவந்தவர்களுக்குத் திருமணமும் செய்துவைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் செய்த பணிக்கு இது தெருவில் நடந்த துணைப்பணி. சுயமரியாதை மாகாண மாநாடு 1931இல் நம் விருதுநகரிலேயே கூடியதை இளைஞர்கள் நினைவிற் கொள்க. இந்த அலை நமக்கு அயலானதன்று.

அவர் எழுதிய நாவலின் பெயர் தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர். காந்தா, கானவதி என்னும் உடன்பிறந்த தாசியரும் அவர்தம் தாயும் செல்வந்தரை வலைப்படுத்தும் வகையையும், மைனர் ஒருவன் சொத்தழிந்து அறிவு பெறுவதையும் அது சொல்கிறது. கதை நெடியது, பாத்திரங்கள் அடிக்கடி நின்று சொற்பொழிவாற்றத் தொடங்கிவிடுவார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரு தாய் மகளுக்கு எதை எவ்வாறு கற்பிக்கிறாள், எவன் எப்போது கைவிடப்படுகிறான் என்னும் நுட்பங்களை அந்த வீட்டிற்குள் வளர்ந்தவரன்றி வேறு யார் எழுத இயலும்? வேதனைப்பட்டவரே பேனா எடுத்தார் என்பதே இந்நூலின் வலிமை.

1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை கால்நடையாகச் சென்றது. 42 நாள் நடந்த அப்படையில் ஐம்பத்தைந்து வயதில் அம்மையாரும் நடந்தார். பின்னர்ச் சிறையும் ஏகினார். 1949இல் பெரியாரின் திருமணத்தையொட்டிப் பிரிந்து, அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தார். தலைவரோடு மாறுபட்டபோதும் தம் வேலையை விடவில்லை.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியதைக் கண்ணாரக் கண்டார். 1962 ஜூன் 27இல் மறைந்தார்.

நம் வகுப்பாரல்லாத ஒருவரின் வரலாறு நம் சங்க மலரில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வட கருநாடகத்திலும் தெலுங்கு நாட்டிலும் எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்களுள் மிகப் பலர் தலித் குடும்பத்துப் பிள்ளைகளே. கருநாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்ததும் அதனாலேயே.

அம்மையார் பெயரால் 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவித் திட்டம் தொடங்கியது. பெண் ஓரளவேனும் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி; அவ்விதிக்காகவே பெண்ணைப் பள்ளியில் விட்டுவைத்த வீடுகளும் உண்டு. 2022இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்குக்குச் செல்லும் பணம் அது. தகப்பன் கையிலோ தரகன் கையிலோ அது போவதில்லை.